சிவப்பு லைட்டு சொன்ன சாட்சி

கம்பெனி கேட்டுல லேடி கார்டா நிக்கிறதுன்னா, வெளிய போற ஒவ்வொருத்தரையும் மனசுக்குள்ள திருடின்னு நெனச்சுகினு, வாயில மட்டும் "போய்ட்டு வாங்கக்கா"ன்னு சொல்ற வேலை.

நீங்களும் அனுபவிச்சிருப்பீங்க. துணிக்கடையில நுழையறதுக்கு முன்னாடி பையைப் புடுங்கி டோக்கன் குடுப்பான். பரீட்சை ஹால்ல கையை விரிச்சுக் காட்டச் சொல்லுவான். பஸ்ஸுல செக்கர் ஏறுனா டிக்கெட் எடுத்தவனுக்குத்தான் மொதல்ல நெஞ்சு அடிச்சுக்கும். நாம ஒண்ணும் பண்ணலன்னு நாமளே காட்டணும். பண்ணோம்னு அவன் காட்ட மாட்டான். இந்த வயித்தெரிச்சலை யார்கிட்டயாவது கொட்டணும், உங்ககிட்ட கொட்டுறேன்.

நான் திருவள்ளூர் பக்கம் சட்டம் படிக்கிறேன். செமஸ்டர் லீவுல கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில ஒரு கம்பெனிக்கு கார்டா போனேன். மோட்டாருக்கு காயில் சுத்துற கம்பெனி. உள்ள வேலை செய்யறதுல பாதிக்கு மேல பொம்பளைங்க, அதனால கேட்டுலயும் பொம்பளைங்க வேணும். கூட எஸ்தர் அக்கா. இந்தக் காக்கி சட்டையில ரொம்ப வருஷமா ஊறிப் போனவங்க. எங்களுக்கு மேல சூப்பர்வைசர் தணிகாசலம் சார். அவரு நாஷ்டா துன்றாரோ இல்லையோ, காலையில யார் மேலயாவது சந்தேகப்பட்டே ஆவணும்.

செம்பு பாட்டில்

மொத நாளு ஷிப்டு முடிஞ்சு நானே வெளிய போறேன். யூனிபார்ம் போட்டவங்களுக்கும் செக்கிங் உண்டு. தணிகாசலம் சார் என் பையைத் தொறந்து தண்ணி பாட்டிலை வெளிய எடுத்தாரு. எங்கம்மா வாங்கிக் குடுத்தது. செம்புல தண்ணி குடிச்சா ஒடம்புக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்களாம்.

"இது இன்னா?"

"தண்ணி பாட்டில் சார்."

"செம்பா?"

"ஆமா சார்."

"உள்ள காயில் எதுல சுத்துறாங்க?"

"செம்புலதான். சார், அது கம்பி. இது பாட்டிலு. இந்தக் கம்பெனியில எந்த மூலையில பாட்டில் செய்யறாங்க, சொல்லுங்க."

சுத்தி நின்னவங்க சிரிச்சுட்டாங்க. எனக்கு அப்பதான் சாட்சியச் சட்டம் ஒரு பேப்பர் முடிஞ்சிருந்தது. சூடு ஆறல. "சார், ஒண்ணு சொன்னா சொன்னவங்கதான் நிரூபிக்கணும். இது கம்பெனி பொருளுன்னு நீங்க சொல்றீங்க. நீங்க ப்ரூவ் பண்ணுங்க"ன்னேன். அவரு கோவப்படல. பாட்டிலை எடுத்து கேபின் அலமாரியில வெச்சாரு. சாவியை பாக்கெட்டுல போட்டுகினு பொறுமையா சொன்னாரு: "காலையில உள்ள வரசொல்ல கேட்டுல காட்டுனியா? காட்டல. வரசொல்ல காட்டாத பொருளு, போவசொல்ல கம்பெனி பொருளு. இங்க சட்டம் அவ்ளோதாம்மா."

பச்சையா, சிவப்பா

எங்க கேட்டுல எல்லாரையும் தடவிப் பாக்க மாட்டோம். ஷிப்டு உடுற நேரத்துல அத்தினி பேரும் ஒண்ணா வந்து முட்டுனா யாரால ஆவும்? அதுக்கு செவுத்துல ஒரு பெட்டி மாட்டியிருக்கு. வெளிய போறவங்க ஒவ்வொருத்தரும் அதுல இருக்குற பட்டனைத் தட்டணும். பச்சை எரிஞ்சா நேரா போய் கம்பெனி வேன்ல ஏறிக்கலாம். சிவப்பு எரிஞ்சா பக்கத்துல தடுப்பு போட்ட ரூமுக்கு வரணும். பை, டிபன் பாக்ஸ், இடுப்பு, கொண்டை எல்லாம் பாத்துதான் உடுவோம். இதுல யார் மேலயும் தனியா சந்தேகம் இல்ல, சும்மா சீட்டு குலுக்கிப் போடுற மாதிரின்னு கம்பெனி சொல்லும்.

ஆனா பட்டன் முன்னாடி வந்து நின்னா அவங்கவங்களுக்கு ஒரு பக்தி. ஒருத்தி செருப்பைக் கழட்டிட்டு அமுக்குவா. ஒருத்தி எடது கையாலதான். ஒருத்தி சிலுவை போட்டுக்குவா. புதுசா கல்யாணம் ஆன பொண்ணு கையைத் தொட்டுட்டு அமுக்குற கும்பல் ஒண்ணு உண்டு.

இதுல எதுவும் எடுபடாதது பத்மா அக்காவுக்கு. காயில் சுத்துற செக்ஷன்ல காண்ட்ராக்ட் லேபரு. ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திரா ஓரத்துல ஊரு. எந்தக் கையால அமுக்குனாலும் முக்காவாசி நாளு சிவப்புதான் எரியும். அவங்க லைன் லீடர் வசந்தி அக்கா நல்லவங்க. லைனை ஒழுங்குபடுத்தி ஒவ்வொருத்தரையா அனுப்புறது அவங்கதான். மத்தவங்களை சரசரன்னு தள்ளி உட்டுட்டு பத்மா அக்காவை மட்டும் பக்கத்துல நிறுத்தி வெச்சுக்குவாங்க. "இடிபடாத, இரு இரு, இப்ப போ. இன்னிக்கு பச்சைதான் பாரு"ன்னு தோளைத் தட்டி அனுப்பிட்டு, பின்னாடியே அவங்களும் வருவாங்க. நான் ஒரு நாளு ரூமுக்குள்ள பத்மா அக்கா டிபன் பாக்ஸைத் தொறந்துகினே, இன்னாக்கா உங்களுக்கு மட்டும் இப்படின்னு கேட்டேன். முந்தானையை உதறிக் காட்டிட்டு அவங்க சொன்னாங்க: "கண்ணாலத்துக்கே எனுக்கு செவப்பு பொடவதான் எட்த்தாங்க மா. அன்னிலேர்ந்து உட மாட்டேங்குது."

பெட்டிக்கு இன்னா கோவம்

அந்த வாரமே காயில் செக்ஷன்ல ஒரு ரீலு கம்பி காணோம்னு உள்ளேர்ந்து சேதி வந்துச்சு. செம்புக் கம்பின்னா காயலான் கடையில எடுத்துக்க ஆளு இருக்கு, கேள்வி கேக்க ஆளு இல்ல. தணிகாசலம் சாருக்கு கை அரிக்க ஆரம்பிச்சுடுச்சு. எங்க ரெண்டு பேரையும் கேபினுக்குக் கூப்புட்டாரு.

"யாருக்கு அடிக்கடி சிவப்பு எரியுது?"

நான்தான் வாயைக் குடுத்தேன். "பத்மா அக்காவுக்கு. ஆனா அதுக்கும் இதுக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

"இத்தினி பேரு போறாங்க. அவளுக்கு மட்டும் ஏன் எரியுது?"

"பெட்டிக்கு எப்படி சார் தெரியும், யாரு இடுப்புல இன்னா இருக்குன்னு?"

"ஏன் எரியுதுன்னு நீ சொல்லு."

"எனக்குத் தெரியாது."

"தெரியாது இல்ல? அப்ப நான் சொல்றதுதான்."

எனக்கு ஒடம்பு பத்திகினு வந்துச்சு. காலேஜ்ல மூட் கோர்ட்டுன்னு நாங்க நடத்துற ஒத்திகை கோர்ட்டுல எதிர்த்தரப்பு இந்த மாதிரி வாதம் வெச்சா, ஜட்ஜா உக்காந்திருக்குற புரொபசர் பேனாவைத் தூக்கி எறிவாரு. இங்க எறிய ஆளு இல்ல. பத்மா அக்கா பேரு எச்.ஆர். மேனேஜர்கிட்ட போவுது, சனிக்கிழமை ஷிப்டு முடிஞ்சதும் கேட் பாஸை பிளாக் பண்றாங்கன்னாரு. காண்ட்ராக்ட் லேபருக்கு விசாரணை கிசாரணை ஒண்ணும் கெடையாது. அட்டை வேலை செய்யலன்னா அதான் தீர்ப்பு. நான் கத்த ஆரம்பிச்சதும் அவரு கையமர்த்தி கேட்டாரு: "பெட்டிக்கு அவ மேல இன்னா கோவம்? சொந்தமா, பங்காளியா? அது ஏம்மா பொய் சொல்லணும்?"

ஒண்ணும் கெடைக்கல

அன்னிக்கும் பத்மா அக்காவுக்கு சிவப்பு எரிஞ்சுது. சார் வெளிய நின்னுகினு "நல்லா பாரு"ன்னு கொரல் குடுத்தாரு. நான் பாத்தேன். கொண்டையைப் பிரிச்சுப் பாத்தேன். டிபன் பாக்ஸுக்கு அடியில, செருப்பு மடிப்புல, குடைக்குள்ள எல்லாம் பாத்தேன். பாக்கசொல்ல எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. தேடிகினே இருந்தா, இல்லாதது கூட இருக்குற மாதிரி தோணும். இவங்க ஏன் இவ்ளோ அமைதியா நிக்கிறாங்க, தப்பு செய்யாதவ ஒரு வார்த்தையாவது திட்டுவாளேன்னு என் மண்டையே எனக்கு எதிரா வாதாடுச்சு.

வெளிய வந்து ஒண்ணும் இல்ல சார்னேன். அதோட முடிஞ்சிரும்னு நெனச்சேன். ஒண்ணும் இல்லன்னா குத்தம் இல்லன்னுதானே உலகத்துல அர்த்தம். தணிகாசலம் சாரு உதட்டைப் பிதுக்கி தலையை ஆட்டுனாரு. பாராட்டுற மாதிரி இருந்துச்சு. "இத்தினி தடவ பாத்தும் ஒண்ணு கூட கெடைக்கலன்னா, சாதாரண ஆளு இல்லம்மா இவ. பெரிய கை."

எங்க வூட்டு கோர்ட்டு

இது ஏதோ கம்பெனி வியாதின்னு நெனைக்காதீங்க. கார்டுங்க உள்ள போனா போனை லாக்கர்ல போடணும். ஷிப்டு முடியிற வரைக்கும் ஸ்விட்ச் ஆஃப். புதுவாயல்ல பஸ் எறங்கி ஷேர் ஆட்டோ புடிச்சு ஊட்டுக்குப் போறதுக்குள்ள எங்கம்மா அத்தினி தடவ போன் பண்ணியிருப்பாங்க. அன்னிக்கு நான் இருந்த கடுப்புல வாசல்லயே ஆரம்பிச்சுடுச்சு.

"எங்க இருந்த?"

"வேலையில."

"போன் ஏன் அணைஞ்சிருக்கு?"

"லாக்கர்ல போடணும்னு எத்தினி வாட்டிம்மா சொல்றது? நான் வேற எங்கியோ போனேன்னு நெனச்சா நீ நிரூபி. நான் ஏன் நிரூபிக்கணும்?"

எங்கம்மா காய் நறுக்கிகினு இருந்தாங்க. சட்டம் படிக்க வெச்சதே தப்புன்னு வழக்கமா சொல்லுவாங்க. அன்னிக்கு அதையும் சொல்லல. வெண்டைக்காயை ஒரே அளவுல நறுக்கிகினே சொன்னாங்க: "நீ வேலைக்குப் போவலன்னு நான் எங்கடி சொன்னேன்? போனன்னு காட்டுன்னுதானே சொல்றேன்."

ஒரு வரி எழுதிக் குடு

வெள்ளிக்கிழமை தணிகாசலம் சார் வெள்ளைப் பேப்பரும் பேனாவும் நீட்டுனாரு. எச்.ஆர்.ல ஒரு வரி எழுத்துல கேக்குறாங்களாம். தடவிப் பாக்குறது லேடி கார்டு, அதனால லேடி கார்டு கையெழுத்துதான் வேணுமாம்.

"எழுது. 'மேற்படி தொழிலாளி சந்தேகத்துக்கு இடமாக நடந்துகொண்டார்.' கையெழுத்து போடு."

"இன்னா நடந்துகினாங்க சார்? நடந்தாங்க. அவ்ளோதான் நான் பாத்தது."

"உனக்கு சந்தேகம் இல்லையா?"

"எனக்கு உங்க மேல கூட சந்தேகம் இருக்கு சார். எழுதித் தரட்டுமா?"

எஸ்தர் அக்கா என் காலை மிதிச்சாங்க. நான் பேப்பரைத் தொடவே இல்ல. சரி, எஸ்தர் எழுதுவான்னு சொல்லிட்டு சார் போய்ட்டாரு. எஸ்தர் அக்கா அந்தப் பேப்பரை மடிச்சு ஜாக்கெட்டுல சொருவிகினாங்க. எழுதுவாங்களா மாட்டாங்களான்னு மூஞ்சியைப் பாத்து ஒண்ணும் கண்டுபுடிக்க முடியல.

விஷயம் உள்ள பரவிடுச்சு. டீ நேரத்துல பத்மா அக்கா கேட்டாண்ட வந்து நின்னாங்க. இந்தப் பேட்டையில பாதி கம்பெனிக்கு அதே காண்ட்ராக்டருதான் ஆளு அனுப்புறாரு. ஒரு கேட்டுல மாட்டுனவன்னு பேரு வந்தா எந்த கேட்டும் தொறக்காது. அவங்க நைனா காலத்துலேர்ந்து அடுத்தவங்க நெலத்துல நடவு, களைன்னு கெடந்த குடும்பம். இவங்கதான் மொத மொதல்ல அட்டையைத் தொங்க உட்டுகினு கம்பெனிக்கு வந்தது. மறுபடியும் அங்கியேதான் போவணுமாக்கான்னு கேட்டேன். அழுவாங்கன்னு பாத்தேன், அழுவல. "களை புடுங்குறதுக்கு எனக்கு இன்னா மா வெக்கம்? திருடின்னு தொரத்துனாங்கன்னு தெரிஞ்சா அந்த நெலத்துக்காரரு வரப்புல கூட ஏத்த மாட்டாரே."

சும்மா அமுக்கிப் பாத்தது

சனிக்கிழமை காலையில கேட்டுல ஈ, காக்கா இல்ல. எனக்கு ஆத்திரம் அடங்கல. அந்தப் பெட்டியை முறைச்சுகினே இருந்தேன். அப்புறம் போய் ஸ்விட்சைப் போட்டு பட்டனை குத்த ஆரம்பிச்சேன். உண்மையிலயே குத்துனேன், அதை அடிக்கணும் போல இருந்துச்சு. பச்சை, பச்சை, பச்சைன்னு வந்து ஒரு சிவப்பு. மறுபடியும் குத்துனேன். அதே மாதிரி பச்சையா வந்து, சரியா அதே எடத்துல சிவப்பு. அணைச்சுட்டு திரும்பப் போட்டேன். மறுபடியும் அதே எடம்.

சீட்டும் இல்ல, குலுக்கலும் இல்ல. அந்தப் பெட்டி எண்ணுது. இத்தினி பேருக்கு ஒருத்தருன்னு எண்ணி சிவப்பு போடுது. ஷிப்டு உடுறதுக்கு முன்னாடி எஸ்தர் அக்கா தெனமும் ஸ்விட்ச் போடுவாங்க, அப்ப எண்ணிக்கை முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. காயில் செக்ஷன்தான் கேட்டுக்குப் பக்கம், அவங்கதான் மொதல்ல வருவாங்க, எப்பவும் அதே வரிசை. அந்த வரிசையில அந்த எடத்துல யாரு நின்னாலும் சிவப்புதான். பின்னாடி வர்ற செக்ஷன்காரங்க கலைஞ்சு கலைஞ்சு வர்றதால ஒருத்தருக்கும் இது புரியல.

எஸ்தர் அக்காவை இழுத்துகினு வந்து காட்டுனேன். அவங்களும் ஒரு சுத்து அமுக்கிப் பாத்தாங்க. ஜாக்கெட்டுலேர்ந்து அந்தப் பேப்பரை எடுத்தாங்க. வெள்ளையாதான் இருந்துச்சு. அதை ரெண்டாக் கிழிச்சு கூடையில போட்டுட்டு சொன்னாங்க: "எண்ணுற பெட்டியை வாங்கி மாட்டிட்டு, அதுக்கு ஞானம் இருக்குன்னு இத்தினி நாளா காவல் காத்துகினு இருந்தோம் பாரு."

முன்னாடியே சொல்றேன்

மத்தியானம் ஷிப்டு உடுற நேரத்துக்கு எச்.ஆர். மேனேஜர் கேட்டுக்கு வந்தாரு, பத்மா அக்கா அட்டையை வாங்கிகினு போவ. நான் குறுக்க நின்னேன். "சார், நான் சொன்னா நம்ப வேணாம். நீங்களே பாருங்க. யாருக்கு சிவப்பு எரியும்னு அவங்க அமுக்குறதுக்கு முன்னாடியே சொல்றேன். ஒண்ணு தப்பாச்சுன்னாலும் என் அட்டையையும் சேத்து எடுத்துக்குங்க." தணிகாசலம் சார் "ஓவரா பேசாத"ன்னாரு. மேனேஜரு வாட்சைப் பாத்துட்டு "சீக்கிரம்"னாரு.

பத்மா அக்காவை வரிசையில நிக்க வேணாம்னு சொல்லி கேபினுக்குள்ள சேர் போட்டு உக்கார வெச்சேன். காயில் செக்ஷன் வந்துச்சு. நான் மனசுக்குள்ள எண்ணிகினே நிக்கிறேன். பச்சை, பச்சைன்னு போவுது. சிவப்பு எரியிற எடம் வரசொல்ல பட்டன் முன்னாடி நிக்கிறது வசந்தி அக்கா. நான் வாயைத் தொறக்கப் போறேன், அதுக்குள்ள அவங்க நீட்டுன கையை இழுத்துகினாங்க. குனிஞ்சு செருப்பு வாரை சரி பண்ண ஆரம்பிச்சாங்க. "நீ போம்மா"ன்னு பின்னாடி இருந்த சின்னப் பொண்ணை முன்னாடி உட்டாங்க.

என் கண்ணு அந்த செருப்பு வாருலயே நின்னுச்சு. ஆனா சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "சார், இந்தப் பொண்ணுக்கு எரியும்." எரிஞ்சுது. அந்தப் பொண்ணு பாவம், கேக்காமயே டிபன் பாக்ஸைத் தொறந்து நீட்டுச்சு. அடுத்து வசந்தி அக்கா அமுக்குனாங்க, பச்சை. அதுக்கப்புறமும் எண்ணி எண்ணி முன்கூட்டியே சொன்னேன். ஒண்ணும் தப்பல. மேனேஜரு கடைசியில தானே போய் அமுக்கிப் பாத்தாரு. கையில வாங்கி வெச்சிருந்த பத்மா அக்கா அட்டையை மேசையில திருப்பி வெச்சுட்டு, என்னை ஜெயிச்சவளாட்டம் கூட பாக்காம சொன்னாரு: "சரிம்மா, லைட்டு பொய்யி. ரீலு காணாம போனது நெசம்தானே? அது யாரு?"

செருப்பு வாரு

அது யாருன்னு எனக்குத் தெரியும். தெரியும்னு நெனைக்கிறேன். தெரியும்னு சொல்லக் கூடாது. பாருங்க, எவ்ளோ கேவலமான நெலமை. பெட்டி எண்ணுதுன்னு கண்டுபுடிச்சது நான் மொத ஆளு இல்ல. தெனமும் பத்மா அக்காவை "இரு இரு, இப்ப போ"ன்னு நிறுத்தி அந்த எடத்துல சொருவுனது வசந்தி அக்கா. ஒரு சிவப்பு எரிஞ்சா அடுத்தது பச்சைதான், அந்தப் பச்சையில அவங்க போவாங்க. நான் அன்புன்னு நெனச்சது எல்லாம் கணக்கு.

ஆனா என்கிட்ட இன்னா இருக்கு? ஒருத்தங்க குனிஞ்சு செருப்பைத் தொட்டாங்க. அதை வெச்சுகினு அவங்கதான் எடுத்தாங்கன்னு சொன்னா, நான் தணிகாசலம் சாரோட தங்கச்சி. மேனேஜரு கேட்டாரு, சார் கேட்டாரு, "யார் மேலயாவது டவுட்டு இருந்தா சொல்லு"ன்னு. பல்லைக் கடிச்சுகினு இல்லன்னேன். வாழ்க்கையில நான் பேசாம இருந்தது அந்த ஒரு தபாதான். திங்கக்கெழமை காலையில உள்ள வரசொல்ல வசந்தி அக்காவை மட்டும் தனியா நிறுத்தி, "வாரு அறுந்துச்சாக்கா அன்னிக்கு?"ன்னு கேட்டேன். ஒரு இமை ஆடல. செருப்பைப் பாக்கல, என் கண்ணைப் பாத்தாங்க. "இன்னொருத்தி கையை உட்டு இடுப்பைத் தடவுறது யாருக்கும்மா புடிக்கும்? தப்பிக்க வழி தெரிஞ்சா நீ மட்டும் தப்பிக்க மாட்ட?"

இனிமே எல்லாருக்கும்

அது நியாயமான பதிலு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எண்ணத் தெரிஞ்சவ எல்லாம் திருடி இல்லையே. அன்னிக்கே பெட்டியைக் கழட்டிட்டாங்க. கழட்டுனதும் நான் ஜெயிச்சுட்டேன்னு காலரைத் தூக்கி உட்டுகினேன். மத்தியானம் நோட்டீஸ் ஒட்டுனாங்க: இனிமே வெளிய போற அத்தினி பேருக்கும் செக்கிங். ஒருத்தரும் பாக்கி இல்ல.

நீங்க அந்த வரிசையைப் பாக்கணும். வெயில்ல கேட்டுலேர்ந்து கேண்டீன் வரைக்கும் நிக்குது. வேன் டிரைவருங்க ஹாரன் அடிச்சுகினே இருக்கானுங்க. உள்ள வர்ற ஒவ்வொருத்தியும் என்னைத் திட்டிகினே கையைத் தூக்குறா. நல்லா வக்கீலுக்குப் படிச்சு கிழிச்சன்றா. எனக்கு தோள்பட்டை எறங்கிப் போச்சு. பக்கத்துத் தடுப்புல எஸ்தர் அக்கா ஒரு கொண்டையைப் பிரிச்சுகினே, என் பக்கம் திரும்பாம சொன்னாங்க: "ஒருத்தி திருடி இல்லன்னு காட்டப் போயி, மொத்த பேரையும் திருடியாக்கிட்டம்மா நீ."

பத்மா அக்கா கேட்டது

லீவு முடிஞ்சு நான் வேலையை உடுற கடைசி நாளு. பத்மா அக்கா என் தடுப்புக்கு வந்தாங்க. அட்டை கழுத்துல தொங்குது. அவங்க வேலை போவல, பேரு மட்டும் எல்லாரு வாயிலயும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடுச்சு. வேன்ல பக்கத்துல உக்கார்றவங்க பையை மடியில தூக்கி வெச்சுக்குறாங்களாம். நான் தடவிப் பாக்காம "நீங்க போங்கக்கா"ன்னேன். அவங்க போவல. கையைத் தூக்கிகினே நின்னாங்க. பாருன்னாங்க. பாத்தேன்.

எனக்கு ஒரு நன்றி வரும்னு எதிர்பாத்தேன், மறைக்க மாட்டேன். அவங்களுக்காக என் அட்டையையே பணயம் வெச்சவ நான். "இன்னாக்கா, என் மேல எதுனா கோவமா?"ன்னு கேட்டேன். வசந்தி அக்கா அந்தப் பக்கம் எஸ்தர் அக்காகிட்ட கையைத் தூக்கிகினு நிக்கிறாங்க, சிரிச்ச மொகத்தோட. பத்மா அக்கா அவங்களைப் பாத்துட்டு என்னைப் பாத்தாங்க. நான் சொல்லலாம். ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு என்கிட்ட இருக்குற ஆதாரம் ஒரு செருப்பு வாரு. பத்மா அக்கா கொண்டையைத் திரும்ப முடிஞ்சுகினே சொன்னாங்க: "கோவம் இன்னா மா. நீ லைட்டுதான் தப்புன்ன, நான் எட்க்கலன்னு ஒரு வாட்டி கூட சொல்லல. மொத நாளுலேர்ந்து அதை சத்தியம் பண்ணி சொன்னது வசந்தி அக்கா ஒருத்தங்கதான்."

நிரூபிக்கிற பாரம் அடுத்தவங்க தலையில இருக்குற வரைக்கும் அதைப் பத்தி எவ்ளோ வேணா கத்தலாம், என் தலைக்கு வந்ததுலேர்ந்து எனக்குக் கழுத்து வலி, அதுக்கும் டாக்டரு எக்ஸ்ரே கேக்குறாரு.